லாபம், ரெண்டு, மூணு

வெட்கப்படுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாததைக் கேட்க மாட்டார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. கேட்காத கேள்விக்குத் தாங்களாகவே ஒரு பதிலைச் செய்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பதில் பார்ப்பதற்கு லட்சணமாக வேறு இருக்கும். நான் அந்த வகை. நாற்பதைத் தாண்டிய பிறகும், ஜவுளிக்கடையில் விலை கேட்க வாய் வராமல், எடுத்த சேலையை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். பதினெட்டு வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதில்தான் என் வீட்டுக்காரரின் உத்தியோகத்தை நான் ஏறக்குறைய முடித்து வைத்தேன். அது தொடங்குவதற்கு முன்பே.

வீட்டுக்காரர் என்றால் என் அத்தை மகன். (பெயரை எழுதச் சொல்லிப் பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். பேனா நகர மாட்டேன் என்கிறது. அத்தான் என்றே வைத்துக்கொள்வோம்.) அத்தை வாழ்க்கைப்பட்டது சென்னையில், மாமா ரயில்வே குமாஸ்தா. அத்தான் அங்கேயே பிறந்து, வளர்ந்து, எம்.ஏ. வரை படித்தவர். நான் தென்காசியில் வக்கீல் குமாஸ்தாவின் மகள். எட்டாவது வரை பள்ளிக்கூடம். எங்கள் வீட்டுக்கு அரிசி சாக்கில் வரும். சாக்குக்கு முன்னால் அது எங்கே, எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அத்தான் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, "எக்கனாமெட்ரிக்ஸ்" என்றார். அப்போது அந்தச் சொல்லே புதிதாம். விலைவாசி, விளைச்சல், மழை, கூலி எல்லாவற்றையும் எண்ணாக்கி, எது ஏறினால் எது இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற படிப்பு. என் அப்பாவின் காதில் அந்தச் சொல்லின் வால் மட்டும்தான் விழுந்தது.

"எம்.ஏ. முடிச்சிட்டு மறுபடியும் மெட்ரிக்கா மாப்ளே?" என்றார் கவலையோடு. "ஏன், அதுல எதுவும் பாக்கி நின்னுட்டா?"

மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, குமாஸ்தா வீட்டு மாப்பிள்ளை மெட்ரிக்கில் கோட்டை விட்டவர் என்று.

உண்மை நிலவரம் வேறு. சென்னையில் ஒரு காலேஜில் விரிவுரையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் ஒரு பெரிய புரொபசர். அவர் வருஷம் தவறாமல் ஆடி மாதம் சாரலுக்குக் குற்றாலம் வந்து பங்களா எடுத்துத் தங்குவார். "புஸ்தகத்தைப் பார்த்து எழுதினது எனக்கு வேண்டாம். நீயே எண்ணிக் கொண்டுவந்த எதையாவது காட்டு" என்று அத்தானிடம் சொல்லியிருந்தார். மாமா இன்னொரு பக்கம், ஆவணிக்குள் இது ஒன்றும் ஆகாவிட்டால் விழுப்புரத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் போய் உட்கார வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அங்கே இடமும் பேசி வைத்திருந்தார். (விழுப்புரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது அத்தான் முகம் கஷாயம் குடித்த மாதிரி ஆகிவிடும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.)

அத்தான் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சின்னது. ஒரே அளவு நிலத்துக்குச் சின்ன வயலில் விளைச்சல் அதிகமா, பெரிய வயலில் அதிகமா? இதைக் கண்டுபிடிக்க, மாசி மாதம் அறுவடை தொடங்கியதுமே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். முதல் நாள் கால்சராய் போட்டு, தொப்பி வைத்து, கையில் காகிதத்தோடு பக்கத்துக் கிராமமான இலத்தூர்க் களத்தில் போய் நின்றார். அவ்வளவுதான். வரி போடச் சர்க்கார் ஆள் அனுப்பிவிட்டது என்று பேச்சாகி, அளக்க இருந்த நெல்லை வைக்கோல் போட்டு மூடிவிட்டார்கள்.

"அண்ணாச்சி, நான் சர்க்கார் ஆள் இல்லை. நான் எக்கனாமெட்ரிக்ஸ்" என்று இவர் கெஞ்சியிருக்கிறார்.

"மெட்ரிக்கு பெயிலானவுகளுக்குத்தான சர்க்கார்ல வரி வசூல் வேல குடுக்குதாக" என்று கூட்டத்திலிருந்து பதில் வந்திருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் மெதுவாக அடுக்களைக்குள் நழுவினேன்.

இலத்தூரில் எனக்கு ஒரு சித்தி உண்டு. அவள் மெதுவாகப் பேசினால் செங்கோட்டையில் கேட்கும். களத்தில் நெல் அளக்கும்போது பெண்கள் ஓரமாக நின்று பார்ப்பது சாதாரணம். சித்தியோடு நான் போய் நின்றால் யாரும் என்னைச் சர்க்கார் என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு சின்னப்பெண் அங்கே பென்சிலும் கையுமாக நின்றால் வேடிக்கையாகிவிடும். அதற்கும் அத்தான் ஒரு வழி வைத்திருந்தார். புளியங்கொட்டை. இடது கையில் ஓலைக் கொட்டானில் கொட்டை. ஒவ்வொரு மரக்கால் நெல் சாக்கில் விழும்போதும் ஒரு கொட்டையை எடுத்து மடிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வயலின் குவியல் அளந்து முடிந்ததும் மடியிலிருப்பதைத் துணியில் முடிந்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"ரெண்டே ரெண்டு விஷயம், கோமு" என்றார். "அளக்கிறவர் வாயைப் பார்க்காதே, மரக்காலைப் பார். வாய் தப்புச் சொல்லும். இன்னொன்று, குடியானவர் வீட்டுக்குப் போகிற நெல் மட்டும்தான் எனக்கு வேண்டும். தச்சருக்கு, கொல்லருக்கு, கோயிலுக்கு என்று எடுத்து வைப்பார்களே, அதைச் சேர்த்துவிடாதே."

நான் தலையை ஆட்டினேன். (தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.)

களத்தில் அளந்தவர் சுடலைமுத்து அண்ணாச்சி. நல்ல உயரம். இடுப்பில் ஒரு துண்டு, தலையில் ஒரு துண்டு. கிழக்கே பார்த்து நின்று, குனிந்து, மரக்காலில் நெல்லை வழிய வழிய அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, "லாபோ...ம்!" என்று ராகமாக இழுத்துச் சாக்கில் கொட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டுக் கும்பிடுகிற மாதிரி நின்றார்கள். அப்புறம்தான் கண்ணைத் திறந்து "ரெண்டு", "மூணு" என்று மளமளவென்று போனார்.

என் கையில் முதல் கொட்டை தயாராக இருந்தது. போடலாமா, கூடாதா?

பக்கத்திலேயே சித்தி நின்றாள். "லாபம்னா என்ன சித்தி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் சித்தி அதற்குள் பக்கத்து வீட்டு மதினியிடம் தன் மாமியாரைப் பற்றி மறுபடியும் விவரமாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். நடுவில் புகுவதற்கு இடமே இல்லை. இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். களத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டால்?

ஆகவே என் மூளை வழக்கம்போல ஒரு பதிலைச் செய்தது. கண்ணை மூடுகிறார், கிழக்கே பார்க்கிறார், எல்லோரும் அமைதியாகிறார்கள். இது சாமிக்குப் போகிற மரக்கால்! சாமிக்கு ஒன்று. அதனால்தான் நம்முடையது 'ரெண்டு' என்று ஆரம்பிக்கிறது. எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். கோயிலுக்குப் போவதைச் சேர்க்காதே என்று அத்தான் வேறு சொல்லியிருக்கிறார். எடுத்த கொட்டையை மறுபடியும் கொட்டானிலேயே போட்டுவிட்டேன். யாரையும் கேட்காமல் நானாகவே கண்டுபிடித்துவிட்டேனே என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்த அறுவடை முழுக்க, சித்தி கூட்டிக்கொண்டு போன எல்லாக் களத்திலும் இதே பெருமையோடு நின்றேன்.

சித்திரை, வைகாசி முழுவதும் அத்தான் கொட்டைகளை எண்களாக்கி, வயல்களின் அளவை வைத்துப் பெருக்கினார், வகுத்தார். ஒரு நாள் அடுக்களைக்கே ஓடி வந்துவிட்டார். கையில் கட்டம் போட்ட காகிதம். அதில் புள்ளி புள்ளியாக வைத்து நடுவே ஒரு கோடு. இடது பக்கம் தரையில் கிடந்த கோடு, வலது பக்கம் மலையேறுகிற மாதிரி ஏறியிருந்தது.

"பார்த்தாயா! வயல் சின்னதாக இருந்தால் விளைச்சல் குறைகிறது. பெரிதாகப் பெரிதாக ஏறுகிறது. ஒன்றுகூடப் பிசகவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு விதி யாருக்குமே கிடைத்திருக்காது, கோமு. உன்னால்தான் கிடைத்தது!"

அது முழுக்க முழுக்க உண்மை என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

ஆடி பிறந்து, சாரலும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. குறிப்பிட்ட நாளில் வில்வண்டி வைத்துக்கொண்டு குற்றாலம் போனோம். பங்களா கூடத்தில் புரொபசர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பெரிய சரீரம், சின்னச் சிரிப்பு, கும்பகோணத்துக்காரர். அருவிக்குப் போகத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். அத்தான் காகிதத்தை விரித்துப் பேசப் பேச, எண்ணெய் காதோரம் வழிவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பேஷ்! ரொம்ப நன்னாயிருக்கு. இவ்வளவையும் நீயேவா எண்ணினே?"

"இல்லை சார். என் மனைவி."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்தேன்.

புரொபசருக்குக் கொட்டை எண்ணும் முறையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்கென்ன என்று அத்தான் உற்சாகமாக ஏற்பாடு செய்துவிட்டார். மறுநாள் இலத்தூரிலிருந்து ஒரு வண்டியில் நெல், மரக்கால், சுடலைமுத்து அண்ணாச்சி மூன்றும் வந்து இறங்கின. சித்தியும் வந்தாள். (அவளை யாரும் கூப்பிடவில்லை.)

கூடத்தில் பாய் விரித்து நெல்லைக் குவித்தார்கள். நான் ஓரமாகக் கொட்டானோடு உட்கார்ந்தேன். புரொபசரின் மனைவி, மாமி, எனக்குத் துணையாக என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். அத்தான் கைகட்டி நின்றார். அவர் முகத்தில் காலேஜ் தெரிந்தது, வகுப்பு தெரிந்தது, சென்னையில் நாங்கள் குடியிருக்கப் போகிற வீட்டின் மாடிகூடத் தெரிந்தது.

அண்ணாச்சி கிழக்கே பார்த்தார். கண்ணை மூடினார். "லாபோ...ம்!"

"ரெண்டு... மூணு..."

குவியல் "பதினெட்டு" என்று முடிந்தது. புரொபசர் என் மடியிலிருந்ததை வாங்கித் தாமே எண்ணினார். பதினேழு.

"ஒண்ணு தவறியிருக்கும். இன்னொரு தரம் அளக்கட்டும்" என்றார்.

இன்னொரு தரம் அளந்தார்கள். அண்ணாச்சிக்குப் பதினெட்டு. எனக்குப் பதினேழு.

"என்ன தாயி, கொட்டையப் புடிச்சு வாயில போட்டுட்டியா?" என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் பக்கத்திலிருந்து மாமியின் குரல் கணீரென்று கேட்டது. "ஏன்னா! ரெண்டு தரமும் பாத்துண்டே இருக்கேன். இந்தப் பொண்ணு லாபத்துக்குக் கொட்டை போடவே இல்லை! மொதல் மரக்காலை முழுங்கிட்டா!"

நான் எனக்கே கேட்காத குரலில், "அது சாமிக்கு இல்லையா?" என்றேன்.

"எந்தச் சாமிக்கு?" என்றார் அண்ணாச்சி திகைத்துப்போய். "மொத மரக்கால ஒண்ணுன்னு சொன்னா ஒத்தையா நின்னுருமேன்னு லாபம்னு சொல்லுதோம். லாபம்னா ஒண்ணுதான் தாயி!"

"ஏட்டி கோமு!" என்று சித்தி கூவினாள். "அப்பம் மாசியில இருந்து, நான் கூட்டிட்டுப் போன களத்துல எல்லாம், நீ ஊரு நெல்ல சாமிக்கு நேந்துவிட்டுட்டா நின்ன?"

நான் பதறி எழுந்தேன். மடியிலும் கொட்டானிலும் இருந்த கொட்டை முழுக்க, பளபளவென்று இருந்த அந்தத் தரையில் சிதறி உருண்டது. ஒன்று புரொபசரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அதன் பின்னாலேயே நானும் போய் அங்கே ஒளிந்துகொள்ள இடம் இருக்குமா என்று உண்மையாகவே பார்த்தேன்.

என் கொட்டைக்கும் அத்தானின் மலையேறுகிற கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பத்து மரக்கால் கண்டவரிடம் ஒன்றைப் பிடுங்கினால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரிய பண்ணையின் குவியலில் ஒன்றைப் பிடுங்கினால் காக்காய் கொத்தின மாதிரிகூட இல்லை. ஆக, சின்ன வயல்களின் விளைச்சலைக் குறைத்துக் காட்டியது மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. என் மடி.

என் கண்ணுக்கு விழுப்புரம் கூட்ஸ் ஆபீஸ் தெரிந்தது. அதுவரை நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூட்டை முடிச்சோடு துல்லியமாகத் தெரிந்தது.

அத்தான் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். தன் காகிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலைக் கூராக்கி, ஒவ்வொரு குவியலுக்கும் ஒன்று ஒன்றாகக் கூட்ட ஆரம்பித்தார். புரொபசர் சற்று நேரம் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். மாமி அடை வார்த்துக்கொண்டு வந்து வைத்தார். அண்ணாச்சியும் சித்தியும் நானும் தரையில் தவழ்ந்து கொட்டை பொறுக்கினோம்.

"அழாதட்டி" என்றாள் சித்தி. "அவுக திட்டலையில்ல? திட்டுனா நான் கேட்டுக்கிடுதேன்." அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

புரொபசர் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது கணக்கு முடிந்திருந்தது. அத்தான் எழுந்து புதுக் காகிதத்தை நீட்டினார். மலையேறிய கோடு, சாரலில் நனைந்த அப்பளம் மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது.

"என் விதி போய்விட்டது சார்" என்றார் அத்தான். "சின்ன வயலும் பெரிய வயலும் ஒன்றுதான்."

"இரு, இரு" என்றார் புரொபசர். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எல்லாக் களத்திலேயும் ஒண்ணு ஒண்ணு கூட்டியிருக்கே. ஏதாவது ரெண்டு களத்தில் இந்தப் பொண்ணு மறந்துபோய் மொதல் கொட்டையைப் போட்டிருந்தா? அப்போ இந்தக் கோடும் பொய்தானே? தப்பு எல்லா இடத்திலேயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் திருத்த முடியும். கண்டபடி இருந்தா இவ்வளவையும் குப்பையிலேதான் கொட்டணும்."

அதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணைத் தேடினேன். தூணுக்கு முன்னால் சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

அந்நிய ஆண்பிள்ளை ஒருவரிடம் அதுவரை நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன், அண்ணாச்சி லாபம் சொல்லுகிற மாதிரி.

"ஒரு தடவகூட மறக்கல" என்றேன். "சாமி விஷயம்னு பயந்து பயந்து பாத்துக்கிட்டேன். எல்லாக் களத்துலயும் தப்பாமத் தப்புப் பண்ணியிருக்கேன்."

கண்ணைத் திறந்தபோது புரொபசரின் தொந்தி குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. மாமி சிரித்தார், அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சித்தி சிரித்ததில் வாசலில் நின்ற குரங்குகள் ஓடிவிட்டன. கடைசியில் அத்தானும் சிரித்துவிட்டார்.

"தப்பாமத் தப்புப் பண்றதுக்கு ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்றார் புரொபசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏம்ப்பா, அந்தச் செத்துப்போன விதியை விட்டுடு. அது எப்படிச் செத்ததுன்னு எழுது. எண்ணுகிறவாளோட தப்பு கணக்குக்குள்ளே புகுந்து எப்படி விதி மாதிரி வேஷம் போடறது, அதை எப்படிக் கண்டுபிடிச்சு வெளியே அனுப்பறது. அதை எழுதிண்டு ஆவணியிலே வந்து என்னைப் பாரு."

ஆவணியில் போனார். வேலை கிடைத்தது. விழுப்புரத்தை இன்றுவரை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். (அங்கே காபி நன்றாக இருக்கும்.)

அப்புறம் அத்தான் கப்பலேறிப் போய்ப் படித்துவிட்டு வந்ததும், புரொபசரானதும் எல்லாம் அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எண்ணும்போது செய்கிற தப்புகளையே எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொருவர் பிழைப்பும் ஒவ்வொன்றில். இவருடைய பிழைப்பு பிழையில். புது மாணவர்கள் வந்தால் முதல் வகுப்பு புளியங்கொட்டைதான். பையன்கள் வீட்டுக்கு வந்தால் என்னை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நான் அடுக்களையை விட்டு வெளியே வர மாட்டேன். தென்காசித் தெருவில் மட்டும் இன்னமும் அவர் மெட்ரிக் மாப்பிள்ளைதான். இப்போதாவது பாஸ் பண்ணிவிட்டாரா என்று போன வருஷம்கூட ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் எண்ணுவது எதுவானாலும் அதற்கு லாபம் என்றுதான் பெயர். தோசைக்கல்லிலிருந்து எடுக்கிற முதல் தோசையும் லாபம். பிள்ளைகள் எதையும் ஒன்று என்று ஆரம்பித்து எண்ணியதில்லை. கடைக்குட்டியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது இதனால் கொஞ்சம் சிரமப்பட்டோம்.

இன்னொரு பழக்கம் எனக்கு மட்டும் உரியது. பந்திக்கு இலை போடவோ, பயணத்துக்கு டிக்கெட் எடுக்கவோ வீட்டில் இருப்பவர்களை எண்ணினால், என்னை விட்டுவிட்டு எண்ணிவிடுவேன். போன மாதம் எங்கள் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் ஆட்களைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வீட்டு ஆளுகளோட சேத்து ஒம்பது இல போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தேன். சம்பந்தி ஆகப்போகிறவரோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்த அத்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"லாபத்தை விட்டுட்டா. இன்னொரு இலை போடுங்க."

வந்தவர்களுக்குப் புரியவில்லை. பிள்ளைகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் வழக்கம்போலத் தூணைப் பார்த்தேன்.

முன்பெல்லாம் உண்மையாகவே மறந்துபோய்த்தான் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்ச வருஷமாக வேண்டுமென்றேதான் விடுகிறேன். அவரும் ஒரு தடவைகூடத் தப்பாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.